ஃபைபர் காரும் எங்க ஊர் பீங்கான் பொம்மையும்

பி.காம் படிக்கிறவனுக்கு கார் ஆராய்ச்சி எதுக்குடா என்று வகுப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் இந்த முறை காரைப் பற்றி காஸ்டிங் பாஷையிலேயே எழுதிவிடுகிறேன். மெக்கானிக்கல் நண்பர்கள் மன்னிக்கவும்.

நான் சொல்லப் போவது லட்சக்கணக்கில் விற்ற கார்களை அல்ல. சின்னப் பட்டறையில், கொஞ்சமே கொஞ்சம் எண்ணிக்கையில், எடை குறைவாகச் செய்த கார்கள். இங்கிலாந்தில் இவற்றைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு, "வீட்டுக்குப் போய் நீயே மாட்டிக்கோ" என்று விற்பார்கள். கிட் கார் என்று பெயர்.

இதில் எல்லோருக்கும் தாத்தா 1957-ல் வந்த லோட்டஸ் செவன். செய்தவர் காலின் சாப்மன். குழாய்களை வெல்டு வைத்த ஒரு கூடு, மேலே அலுமினியத் தகடு, இரண்டு சீட், அவ்வளவுதான். எடை சுமார் 500 கிலோ. முழு காராக வாங்கினால் வரியோடு 1,036 பவுண்டு, கிட்டாக வாங்கினால் 536 பவுண்டு! அந்த ஊரில் அப்போது பர்சேஸ் டாக்ஸ் என்று ஒன்று இருந்தது. அது முழு காருக்குத்தான் உண்டு, உதிரி பாகங்களுக்கு இல்லை. மாட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்று, "இந்தக் காரைப் பிரிப்பது எப்படி" என்று எழுதிக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னார்களாம். கார்ப் பிரியர்கள் சொல்லிச் சொல்லி மகிழும் கதை இது. டாக்ஸ் பிளானிங் பாடத்தில் இதை யாராவது சேர்க்கலாம் :-)

1973-ல் பர்சேஸ் டாக்ஸ் போய் வாட் வந்தது. கிட் வாங்குவதில் இருந்த வரி லாபமும் போனது. அதே வருடம் லோட்டஸ் அந்தக் காரை கேட்டர்ஹாம் என்ற டீலரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. கேட்டர்ஹாம் இன்றைக்கும் அதைச் செய்து விற்கிறது, கிட்டாகவும்.

வரி ஒரு காரணம் என்றால், இன்னொரு காரணம் அச்சு. இங்கேதான் எங்க ஊர் வருகிறது.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் இரண்டு விதமான வேலை பார்க்கலாம். ஒன்று பொம்மை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் குழம்பை ஊற்றி வைப்பார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் தோல் மாதிரி மண் பிடிக்கும். மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, அச்சை இரண்டாகப் பிரித்து, பிசிறு சுரண்டி, காயவைத்து சூளையில் ஏற்றினால் பிள்ளையாரோ நாய்க்குட்டியோ தயார். அச்சு மலிவு. மூக்கு முழி மழுங்கினால் வேறு அச்சு. ஆனால் ஒவ்வொரு பொம்மைக்கும் ஆள் கை வேண்டும். இன்னொன்று ஃப்யூஸ் கட்டை. அதற்கு இரும்பு டை, பிரஸ். டை செய்ய பெரிய தொகை. செய்துவிட்டால் மளமளவென்று பீஸ் விழும்.

கார் உலகமும் இதேதான். மாருதி என்பது ஃப்யூஸ் கட்டை. ராட்சத பிரஸ்ஸில் இரும்புத் தகடு அழுத்தி எடுத்தது. ஃபைபர் கார் என்பது பொம்மை. மாதிரி செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, உள்ளே கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசினை ரோலரால் தேய்த்து, இறுகியதும் கழற்றி எடுப்பது. சூளைகூட வேண்டாம். கடலூர் பக்கம் கடற்கரைக்குப் போயிருப்பவர்கள் ஃபைபர் படகு பார்த்திருப்பீர்கள், அதே வித்தைதான். அமெரிக்காவில் 1953-ல் முதல் கார்வெட் வெறும் 300 வண்டி வந்தது, அதற்கு ஃபைபர் பாடி.

சும்மா ஒரு கணக்கு. இரும்பு டைக்கு 10 லட்சம், பிறகு பீஸுக்கு 100 ரூபாய். ஃபைபர் அச்சுக்கு 50,000, பிறகு பீஸுக்கு 1,000 ரூபாய். (எண்கள் என் கற்பனை.) 1,055 பீஸ் வரைக்கும் ஃபைபர் மலிவு. 1,056-வது பீஸில் இரும்பு ஜெயித்துவிடும். ஸ்போர்ட்ஸ் கார் பட்டறைகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வாழ்ந்தவை.

கோட்டைத் தாண்ட ஆசைப்பட்டால் என்ன ஆகும்? பெங்களூர் சிபானி கதையைப் பாருங்கள். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரின் உரிமையை வாங்கி, 1982 வாக்கில் 'டால்பின்' என்று இறக்கினார்கள். ஃபைபர் பாடி, இரண்டே கதவு, 848 சிசி. குடும்பக் கார் என்றுதான் விற்றார்கள். ஆனால் எடை குறைவு என்பதால் ரேஸ்காரர்களுக்கு அதன் மேல் ஒரு கண். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுதளத்தில்தான் அப்போது ரேஸ் நடக்கும். அங்கே டால்பின் பெயர் வாங்கியது. கடைத்தெருவில் வாங்கவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. நாலு கதவு, இரும்பு பாடி, அரசாங்கமும் சுசுகியும் பின்னால். பொம்மை அச்சை வைத்துக்கொண்டு ஃப்யூஸ் கட்டை மார்க்கெட்டில் நிற்க முடியுமா? 1990-களின் கடைசியில் அதே பெங்களூரிலிருந்து சான் ஸ்டார்ம் என்று இரண்டு சீட் திறந்த கார் ஒன்று வந்தது. ஃபைபர் பாடி, ரெனோ இன்ஜின். அது நிஜமாகவே ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் வந்தது. தெருவில் பார்த்தவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

தமிழ்நாட்டுக்காரர்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு 1952-லேயே 2,000 ரூபாய்க்கு இரண்டு சீட் கார் தயார் செய்தார் என்றும், அரசாங்க லைசென்ஸ் கிடைக்காமல் நின்றது என்றும் சொல்வார்கள். பிசினஸ் என்விரான்மென்ட் பாடத்தில் 1951 தொழில்கள் சட்டம் என்று ஒரு வரியில் தாண்டிப் போவோமே, அந்த ஒரு வரிக்குள் கிடக்கிற கார் இது. கார் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனது 1993-ல்தான்.

அதே கோயம்புத்தூரில் கரிவரதன் வேறு வழி கண்டுபிடித்தார். என் ஹீரோ இவர்தான். ரோட்டில் ஓடினால்தானே ஆயிரம் சட்டம்? ரேஸ் டிராக்கில் ஓடுகிற வண்டிக்கு நம்பர் பிளேட்டே வேண்டாமே. மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்து, குழாய்க் கூடு கட்டி, ஒற்றை சீட் ரேஸ் கார் செய்தார். ஃபார்முலா மாருதி. இங்கேயே கிடைக்கிற சாமான், இங்கேயே பழுது பார்க்கலாம். ஒரே மாதிரி வண்டிகள் என்பதால் பணக்காரன் பெரிய இன்ஜின் போட்டு ஜெயிக்க முடியாது. 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் ஆரம்பித்தது இந்த வண்டியில்தான். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் சிறிய விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ரோட்டுக்கு மட்டும் இன்னும் கதவு திறக்கவில்லை. இங்கிலாந்தில் நீங்கள் ஷெட்டில் கட்டிய ஒரே ஒரு காரைக்கூட பரிசோதனைக்குக் கொண்டுபோய், பாஸானால் நம்பர் வாங்கலாம். நம் ஊரில் ஒரு மாடலின் மாதிரி வண்டியை புனே மாதிரி இடத்துக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். பத்தாயிரம் கார் செய்பவனுக்கு அந்தச் செலவு தூசு. பத்து கார் செய்பவனுக்கு? பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஃபைபர் அச்சில் மிச்சம் பிடித்த ஃபிக்ஸட் காஸ்ட் எல்லாம் இங்கே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எங்கள் சித்தப்பாவுக்கு இதெல்லாம் சொன்னால் சிரிப்பார். அவர் ஷெட்டின் மூலையில் ஒரு ஃப்யூஸ் கட்டை டை துருப்பிடித்துக் கிடக்கிறது. கடன் வாங்கிச் செய்தது. கடன் அடைவதற்குள் வீட்டுக்கு வீடு எம்.சி.பி சுவிட்ச் வந்துவிட்டது. "சங்க் காஸ்ட், அதை மறந்துடணும் சித்தப்பா" என்றேன் ஒருநாள். "நீ மறந்துடு, வட்டி கட்டினவன் நான்" என்றார். இப்போது பொம்மையும் அகல் விளக்கும்தான் ஓடுகிறது.

என் பள்ளி நண்பன் ஒருவன் இன்ஜினியரிங் காலேஜில் ஃபார்முலா பாரத் டீமில் இருக்கிறான். மாணவர்களே ரேஸ் கார் கட்டி, செட்டிபாளையம் டிராக்கில் ஓட்டும் போட்டி. ஓட்டினால் மட்டும் போதாது, செலவுக் கணக்குக்கும் பிசினஸ் பிளானுக்கும் தனி மார்க். அந்தக் கணக்குக்குத்தான் என்னைப் பிடித்தான். மூக்குப் பகுதிக்கு ஃபைபர் அச்சு செய்யப் போவதாக டிராயிங் காட்டினான். அதை அப்படியே சித்தப்பாவிடம் காட்டினேன். ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"இந்த உதடு உள்பக்கம் வளையுதே தம்பி, அச்சு எப்படிக் கழலும்? ரெண்டா பிரிக்கணும். சரி, எத்தனை பீஸ்?"

"ஒண்ணுதான் அங்கிள்."

"ஒண்ணுக்கா அச்சு! தெர்மோகோலைச் செதுக்கி அது மேலயே ஒட்டிட்டு, உள்ள இருக்கறத சுரண்டி எடுத்துட வேண்டியதுதானே?"

சாதாரண பாலியெஸ்டர் ரெசின் தெர்மோகோலைக் கரைத்துவிடும், எபாக்ஸிதான் வாங்க வேண்டும், விலை அதிகம் என்றான் நண்பன். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு பீஸ் என்றால் சித்தப்பா வழி மலிவு, எபாக்ஸி விலையையும் சேர்த்தே. மூன்று பீஸ் என்றால் அச்சு மலிவு. இடித்துக்கொண்டால் ஸ்பேர் வேண்டாமா என்று கேட்டேன். வண்டியை யார் ஓட்டப் போகிறார்கள் என்று இன்னும் முடிவாகவில்லையாம். அது தெரிந்தால்தான் எத்தனை பீஸ் என்று சொல்ல முடியும் என்கிறான்.