நடக்கிற துறை

துறை என்றால் ஓரிடத்தில் நிற்பது என்றுதான் நினைத்திருந்தேன். கோயமுத்தூரிலிருந்து பவானி, மேட்டூர் வழியாகக் கொளத்தூர்ப் பக்கம் பண்ணவாடிக்குப் போய் வந்த பிறகு அந்த எண்ணம் மாறிற்று. அங்கே துறை நடக்கிறது. மேட்டூர் அணையில் தண்ணீர் குறையக் குறைய, படகும் கயிறும் மீன் வறுக்கிற சட்டியும் சரிவில் இறங்கிக்கொண்டே போகின்றன. தண்ணீர் ஏறினால் எல்லாம் மேடேறி விடுகின்றன. எதிர்க்கரை நாகமரை, அது தருமபுரி ஜில்லா.

2024 ஜூன் மாதம் முதல் தடவை போனேன். 120 அடி அணையில் நாற்பது சொச்சம் அடிதான் தண்ணீர். ஜூன் 12-ல் வழக்கமாகத் திறக்கிற தண்ணீரை அவ்வருஷம் திறக்கவில்லை. தஞ்சாவூர்க்காரர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்த வேளையில் நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்; ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1925-ல் ஆரம்பித்து 1934-ல் அணையைக் கட்டி முடித்தார்கள். உள்ளே இருந்த ஊர்கள் முழுகின. ஜனங்கள் மேட்டுக்குப் போனார்கள், கோயில்கள் போகவில்லை. தண்ணீர் நன்றாக இறங்கினால் மாதா கோயில் கோபுரம் தலைகாட்டும். அப்புறம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி. அன்று வெடித்த வண்டலில் நடந்தே போய் நந்தியைத் தொட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவள், முழுகிய ஊர் ஒன்றில் பிறந்தவள். எட்டு வயதில் சட்டி பானையோடு வண்டி ஏறியவள். நந்தியின் காதைப் பிடித்து ஏறி விளையாடியதைச் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னையுங் கூட்டிட்டுப் போயேன் கண்ணு" என்றாள் அம்மா.

"ஆகட்டும்" என்றேன். ஒரு கதையை முடிக்க வேண்டியிருந்தது. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். இதற்குள் கர்நாடகத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஜூலை 28-ல் அணையைத் திறந்தார்கள். 30-ல் 120 அடியும் நிரம்பிவிட்டது. கதை அப்போதும் முடியவில்லை என்பது வேறு விஷயம்.

ஆகஸ்டில் அம்மாவை அழைத்துப் போனேன். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். துறை மேலே ஏறி வந்திருந்தது.

"ரெண்டு மாசம் முன்னால வந்திருந்தீங்கன்னா தொட்டே பாத்திருக்கலாமுங்கம்மா" என்றார் படகுக்காரர். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பாதி வழியில் அவர் மோட்டாரை நிறுத்தி, "இங்கதானுங்க, அடியில" என்று கை காட்டினார். நந்திக்கென்று கொண்டுவந்திருந்த அரளிப்பூவை அம்மா தண்ணீரில் விட்டாள். அது மூழ்கவில்லை, படகோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தது.

கரையேறி மீன் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

"அடுத்த வருசம் தண்ணி கொறைஞ்சாச் சொல்லு கண்ணு" என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, கொறைய வேண்டாம், விடு."