பேசினால் குறையும் கையிருப்பு

ஸ்டோர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளை முதலில் பின் கார்டைத்தான் எடுக்கச் சொல்வேன். ரேக்கில் தொங்கும் அந்த அட்டையில் வரவு, செலவு, இருப்பு மூன்றும் தேதிவாரியாக இருக்கும். ஒரு பேரிங்கின் கார்டைப் பாருங்கள். உற்பத்தி லைன் வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வாங்கியிருக்கும். வரவோ ஒரு மாதம் வெறுமையாகக் கிடக்கும், மறுமாதம் குவிந்திருக்கும். அங்கே ஆடுவது தேவை இல்லை, நம் ஆர்டர்.

பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியும் தன் பாம்பர்ஸ் டயப்பர் ஆர்டர்களில் இதையே கண்டது. ஸ்டான்போர்டு பேராசிரியர் ஹாவ் லீ சக பேராசிரியர்களோடு 1997-இல் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. குழந்தைகளுக்குத் தேவைப்பட்டது சீரான அளவு. கடை விற்பனையில் சிறிய ஏற்ற இறக்கம், விநியோகஸ்தர் ஆர்டரில் அதைவிடப் பெரிது, மூலப்பொருள் ஆர்டரில் இன்னும் பெரிது. அடுத்தவர் கணக்கு தெரியாதபோது, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிப் போடத்தான் தோன்றும்.

பாதுகாப்பு இருப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு என்பதுதான் கேள்வி. சரக்கு வர 16 நாள் ஆவது 4 நாளாகக் குறைந்தால், தேவையின் ஏற்ற இறக்கம் மாறாதவரை, அந்த இருப்பில் பாதி போதும். சொன்ன தேதியில் சரக்கு வராவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது. அதனால் உங்கள் உற்பத்தித் திட்டத்தைச் சப்ளையரிடம் மறைக்காமல் காட்டுங்கள். மாறினால் அன்றே சொல்லுங்கள். தாமதமாகும் என்று அவர் உண்மையைச் சொன்னால் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை பொய்த் தேதிதான் தருவார். அந்தப் பொய்க்கும் சேர்த்து நாம் சரக்கை அடுக்க வேண்டியிருக்கும்.

கையிருப்பைக் குறைப்பதில் பேர்போன டொயோட்டாவே, 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு 2 முதல் 6 மாதத் தேவைக்கான சிப்களை வைத்திருக்கச் சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டது. எந்தப் பாகம் நின்றால் மீள நாளாகும் என்று அவர்களோடு கலந்து பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. 2021 தொடக்கத்தில் மற்ற கார் கம்பெனிகள் சிப் இல்லாமல் தடுமாறியபோது டொயோட்டா பல மாதம் தாக்குப்பிடித்தது. ஆகஸ்டில் அதுவும் உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்தது. எந்த இருப்பும் என்றைக்குமாகக் காக்காது.

ஆகவே எல்லாப் பொருளையும் ஒரே அளவில் குவிக்காதீர்கள். மீள நாளாகும் பொருளுக்கு மட்டும் தாராளமாக வையுங்கள். நாளைக் காலையே உங்கள் முக்கியச் சப்ளையர்களுக்குப் போன் போட்டு, நமக்கான சரக்கு அவர்களிடம் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்.