மூன்றாம் அத்தியாயத்தில் தாலி

தமிழ்க் குடும்ப நாவல்களைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அந்தப் பாதை மனப்பாடம். முதல் அத்தியாயத்தில் மோதல். மூன்றாம் அத்தியாயத்துக்குள் கல்யாணம். மீதிப் புத்தகம் முழுக்கக் காதல். மணமேடைக்கு வர வேண்டிய அக்கா முதல் நாள் இரவே ஓடிப்போயிருப்பாள். குடும்ப மானத்தைக் காப்பாற்றத் தங்கை போய் உட்காருவாள். இல்லையென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் தாத்தா பேரனிடம் கடைசி ஆசையைச் சொல்வார். அதுவும் இல்லையென்றால் ஒரு வருட ஒப்பந்தக் கல்யாணம். ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு பேர் எப்படியாவது ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். கதை அதற்குப் பிறகுதான்.

நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ரமணிசந்திரனின் புத்தகங்கள் பலவற்றில் இந்தச் சட்டகம் உண்டு. அவருக்குப் பின் எழுத வந்த பெண்களிடம் இன்னும் அதிகம். நாயகிக்குப் படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது, வாய் நிறையப் பேச்சும் இருக்கிறது. அவள் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்ள எது தடை? நாவலாசிரியர் இவ்வளவு சிரமப்பட்டு ஏன் முதலில் தாலியைக் கட்டிவைக்கிறார்? இந்தச் சட்டகம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினால், யாரைக் கேட்டாலும் முதலில் கிடைப்பது ஒரே பதில்: மில்ஸ் அண்ட் பூன்.

பொருந்துவது போலத்தான் தெரியும். 1908-இல் லண்டனில் தொடங்கிய அந்தப் பதிப்பகம் முதலில் எல்லா வகைப் புத்தகங்களையும் போட்டது. 1930-களில்தான், வாடகை நூலகங்களின் வாசகிகளை நம்பி, காதல் கதைகளுக்கென்றே தன்னை ஒப்புக்கொடுத்தது. அதே பத்தாண்டில் ஜார்ஜெட் ஹேயர், பழைய இங்கிலாந்தைப் பின்னணியாக வைத்து ‘தி கன்வீனியன்ட் மேரேஜ்’ நாவலை எழுதினார். வெளிவந்த ஆண்டு 1934. வசதிக்காக நடக்கும் கல்யாணம், பிறகு கணவன்மேல் வரும் காதல் என்று அப்படியே நம் கதை. பின்னாளில் நம்மூர்க் கல்லூரி விடுதிகளில் இந்த ஆங்கிலப் புத்தகங்கள் கைமாறி உலவியதும் உண்மை. ஆனாலும் இந்தப் பதில் போதாது. ஹேயர் அந்த நாவலை எழுதுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் கல்யாணம் முந்திக்கொண்டு காதல் பின்னால் வந்திருக்கிறது.

பின்னோக்கிப் போகிற வழியில் முதலில் எதிர்ப்படுபவர் லக்ஷ்மி. இயற்பெயர் திரிபுரசுந்தரி. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் பண நெருக்கடி. ஆனந்த விகடன் அதிபர் எஸ்.எஸ். வாசனைப் போய்ப் பார்த்து, தொடர்கதை எழுத வாய்ப்புக் கேட்டார். ‘பவானி’ வந்தது, சன்மானம் படிப்பைக் காப்பாற்றியது. ஒரு பெண்ணின் காதல் கதை இன்னொரு பெண்ணின் கல்லூரிக் கட்டணமாக மாறிய இந்த விஷயத்தை இலக்கிய வரலாற்றுக்காரர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது ஒரு தனி அத்தியாயத்துக்கு உரியது.

அவருடைய ‘பெண் மனம்’ 1963-இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில் ‘இருவர் உள்ளம்’ என்ற படமானது. பெண்கள் விஷயத்தில் கெட்ட பெயர் எடுத்த பணக்கார இளைஞனாக சிவாஜி கணேசன். அவனை வெறுத்துக்கொண்டே, வீட்டார் வற்புறுத்தலால் கழுத்தை நீட்டும் பெண்ணாக சரோஜாதேவி. அவன் திருந்திவிட்டான் என்பதை அவள் நம்புவதற்குள் பாதிப் படம் ஓடிவிடுகிறது. இன்றைய குடும்ப நாவலின் சட்டகம் இங்கே ஏற்கெனவே முழு உருவில் நிற்கிறது. செல்போன் மட்டும்தான் இல்லை.

லக்ஷ்மிக்கு முன்னால் வை.மு. கோதைநாயகி. 1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பார்த்தசாரதியும் சிறுவன்தான். கோதைநாயகி பள்ளிக்கூடம் போனதில்லை. தன் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1925-இல் நின்றுபோன ‘ஜகன்மோகினி’ பத்திரிகையைக் கையில் எடுத்து, அதில் தன் நாவல்களையே தொடராக ஓட்டினார். 115 நாவல்கள். நடுவே மேடைப் பேச்சு, பாட்டு, 1932-இல் மறியல் செய்து சிறைவாசம். வீட்டுப் பெண்கள் நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று பேசப்பட்ட காலத்தில் அந்தப் பெண்களையே சந்தாதாரர்களாக வைத்துப் பத்திரிகை நடத்தியது சாமானிய காரியம் அல்ல. அவருடைய ‘தயாநிதி’தான் 1966-இல் பத்மினி நடித்த ‘சித்தி’யாக வந்தது. அதிலும் கல்யாணம் முதலில். குடும்பத்துக்காக வயதானவருக்கு இரண்டாம் தாரமாகப் போகிற பெண்.

இவருடைய ஜாதகத்திலேயே என் கேள்விக்குப் பாதி விடை இருந்தது. ஐந்தரை வயதில் தாலி ஏறிவிட்ட ஒருத்தி யாரைக் காதலிக்க முடியும்? கட்டியவனைத்தான்.

மீதி விடை 1893-இல். சி.வி. சுவாமிநாதையரின் ‘விவேக சிந்தாமணி’யில் அந்த ஆண்டுதான் பி.ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடராக வரத் தொடங்கியது. எழுதியவருக்கு வயது இருபத்தொன்று. முத்துஸ்வாமி ஐயர், கமலாம்பாள் தம்பதியின் துயரம்தான் பிரதான கதை. ஆனால் இளம் வாசகர்களை இழுத்திருக்கக் கூடியது அவர்கள் மகள் லட்சுமிக்கும் மருமகன் ஸ்ரீநிவாசனுக்கும் நடுவில் வளரும் பிரியம். பெரியவர்கள் சிறுவயதிலேயே முடித்துவைத்த கல்யாணம் அது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் மெல்லத் தெரிந்துகொள்வதைத்தான் ராஜமய்யர் காதலாக எழுதினார். அதற்கு முந்தைய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் (1879) பிரதாபனும் ஞானாம்பாளும் கல்யாணத்துக்கு முன்பே விரும்புகிறார்கள் என்பது நிஜம். ஆனால் அவர்கள் சேர்ந்து வளர்ந்த உறவுக்காரப் பிள்ளைகள். அந்நியன் ஒருவன் வந்து ஒரு பெண்ணைச் சந்திப்பதற்கு அன்றைய வீட்டில் இடமே இல்லை. நாவலாசிரியருக்குக் கையில் கிடைத்த ஒரே ஜோடி ஏற்கெனவே கல்யாணமான ஜோடி.

பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு ஆக்கிய சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு நாயகிக்கு வயது ஏறிக்கொண்டே போனது. பள்ளி, கல்லூரி, ஆபீஸ் என்று அவள் வெளியே வந்துவிட்டாள். ஆனால் வாசகிக்குப் பழகிப்போன சுகம், தாலிக்குள் பாதுகாப்பாக நடக்கும் காதலின் சுகம், மாறவில்லை. பால்ய விவாகம் சும்மாவே கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் கட்டாயத்தை இனி நாவலாசிரியரே தயாரித்தாக வேண்டும். ஓடிப்போகும் அக்காவும் சாகக் கிடக்கும் தாத்தாவும் அந்த வேலைக்குத்தான் வருகிறார்கள்.

காதலின் கதை இது. மறுபடி தொடங்கும் வாழ்க்கையின் கதை வேறு வழியில் போயிருக்கிறது. எனக்கு அதுதான் அதிக ஆச்சரியம்.

பால்ய விவாகத்தின் நிழல் பால்ய வைதவ்யம். விதவை மறுமணத்தை அனுமதித்த சட்டம் 1856-லேயே வந்துவிட்டது, கல்யாணங்கள்தான் அதிகம் நடக்கவில்லை. ராஜமுந்திரியில் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் தன் முதல் மறுமணத்தை நடத்திவைக்கவே 1881 டிசம்பர் ஆகிவிட்டது. அந்தச் சூழலில், சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சூடு ஆறுவதற்குள், அ. மாதவையா ‘விவேக சிந்தாமணி’யில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற தொடரைத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. 1903-இல் ‘முத்துமீனாக்ஷி’ என்ற பெயரில் புத்தகமாயிற்று. ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்வது போன்ற நாவல். மாமியார் கொடுமை, கணவன் சாவு, விதவைக் கோலம். கடைசியில் படித்த இளைஞன் ஒருவனோடு மறுமணம். தமிழ் நாவலில் ஒரு விதவை நெற்றியில் மறுபடி பொட்டு வைத்துக்கொண்டது இப்படித்தான். எழுதியவர் உப்பு இலாகாவில் வேலை பார்த்த ஆண்.

சென்னையோடு தொடர்புள்ள இன்னொரு நாவலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கிருபாபாய் சத்தியநாதன் அகமதுநகரில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, உடல்நலம் கெட்டதால் படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘கமலா’ 1894-இல், அவர் இறந்த ஆண்டில், வெளியானது. கமலாவும் சிறுவயதில் மணமானவள். கணவனையும் குழந்தையையும் இழந்தவள். அவளை விரும்பும் உறவினன் ராமச்சந்திரன் கல்யாணத்துக்குக் கேட்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். கையிலிருக்கும் செல்வத்தை ஆதரவற்றவர்களுக்குச் செலவிட்டுத் தனியாக வாழ்கிறாள்.

ஆண் எழுதிய விதவைக்கு மறுமணம் கிடைத்தது, பெண் எழுதிய விதவை அதை வேண்டாம் என்றாள். கமலாவைக் கட்டுப்படுத்தியது ஊர்ப் பயம்தான் என்று சிலர் வாசிப்பார்கள். அப்படியும் வாசிக்க இடமிருக்கிறது. ஆனால் ஒருமுறை கல்யாணம் என்பது என்னவென்று பார்த்துவிட்டவள் இன்னொன்றுக்கு உடனே தலையசைக்காததில் எனக்கு ஒரு நியாயமும் தெரிகிறது. மாதவையா சீர்திருத்தத்துக்காக எழுதினார். அவருக்கு ஒரு கல்யாணம் தேவைப்பட்டது. கிருபாபாய்க்கு அந்தத் தேவை இல்லை.

அந்த மறுப்பு மறுபடி தலைகாட்டியது 1980-களில். விவாகரத்துக்கு வழி செய்த இந்து திருமணச் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. நாயகிகள் அதைப் பயன்படுத்த நாளாயிற்று. சிவசங்கரியின் ‘47 நாட்கள்’ நாவலை கே. பாலசந்தர் 1981-இல் படமாக்கினார். ஏற்கெனவே மனைவி உள்ளவனை அது தெரியாமலே மணந்து, வெளிநாட்டில் சிக்கித் தப்பி வந்த பெண் அதன் நாயகி. மறுமணம் செய்துகொண்டாயா என்ற கேள்வியே படத்தில் அவளுக்குக் கோபமூட்டுகிறது. அனுராதா ரமணனின் ‘சிறை’ இன்னும் தூரம் போனது. 1984-இல் படமான அந்தச் சிறுகதையில் பாகீரதியைக் கெடுத்தவன் அந்தோணி. அதைக் காரணம் காட்டி அவளைக் கைவிடுகிறவன் கணவன். போக்கிடம் இல்லாமல் அவள் அந்தோணியின் வீட்டிலேயே போய்த் தங்குகிறாள். அவன் அவளைத் தீண்டாமல், குடியை விட்டு, மரியாதையோடு வாழ்ந்து சாகிறான். அப்போது திரும்பி வரும் கணவனோடு போக மறுத்து, அவன் கட்டிய தாலியைக் கழற்றிவிட்டு, அந்தோணியின் விதவையாக இருக்கிறாள் பாகீரதி.

இன்று வாசிக்கும்போது இந்த முடிவில் உறுத்தல் உண்டு. குற்றம் செய்தவனுக்கு இவ்வளவு எளிதாகப் பெருமை சேர்க்கலாமா என்று கேட்கத் தோன்றும், கேட்க வேண்டியதும்தான். ஆனால் கைவிட்ட கணவன் வந்து நிற்கும்போது நாயகி வாசல்படி தாண்டாமல் இருந்தாள் என்பது, அதுவரை நம் குடும்பக் கதைகளில் சேர்த்துவைத்தே முடித்துப் பழகியவர்களுக்குப் புதிது. முன்பு கமலா வேண்டாம் என்று சொன்னது தன்னை விரும்பியவனிடம். பாகீரதி சொன்னது தாலி கட்டியவனிடமே.