777 என்று போட்டது என் தவறு

ஒரு மன்னிப்பு கேட்கவே இந்தப் பதிவு.

நம் மீன்சுருட்டி பழைய மாணவர் இணையதளத்தில் படம் ஏறவில்லை என்று, படக் கோப்புறைக்கு 777 என்று அனுமதி கொடுத்தேன். உடனே ஏறியது. பத்தே நாளில் யாரோ புகுந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள்.

பெங்களூரில் சர்வர் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர் போனில் விளக்கினார்: "சார், படிக்க 4, எழுத 2, இயக்க 1. கோப்புறைக்கு அந்த 1 உள்ளே நுழைவதற்கு. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்ற எல்லோருக்கும். கோப்புறையில் எழுத அனுமதி இருந்தால் அதிலுள்ளதை அழிக்கவும் முடியும். கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 போதும். படம் ஏறாவிட்டால் உரிமையாளர் யாரென்று பாருங்கள், எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள்."

மதிப்பெண் பதிவேட்டை மாணவன் பார்க்கலாம், திருத்தக்கூடாது என்று காலமெல்லாம் பூட்டி வைத்தவன் நான். அதே கணக்கு இங்கே எனக்குத் தோன்றவில்லை.

அழிந்ததில் ஒரு ஆண்டுவிழாக் குழுப்படமும் உண்டு. இன்று நம்மோடு இல்லாத ஒரு மாணவன் அதில் சிரித்துக்கொண்டு நிற்பான். யாரிடமாவது பிரதி இருந்தால் அனுப்புங்கள். அவன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.