வனமும் கடலும் ஒரே இருப்புப்பாதையில்

சென்ற பொங்கல் விழாவன்று, நமது சங்க மண்டபத்தில் பந்தி முடிந்து தாம்பூலம் தரித்துக்கொண்டிருந்த வேளையில், அன்பர் ஒருவர் என்னை ஒரு கேள்வி கேட்டார்: “ஆயுளில் ஒரு முறை ஆப்பிரிக்காவுக்குப் போவதானால் எந்தத் தேசத்துக்குப் போகலாம்? பிள்ளைகள் சிங்கம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வீட்டிலோ கடற்கரையில் நாலு நாள் சும்மா இருந்தால் போதும் என்கிறார்கள்.” கென்யா என்று சற்றும் தயங்காமல் சொன்னேன். அருகிலிருந்த நமது பத்திராதிபர், காரணத்தை எழுதிக் கொடுக்கும்படி அங்கேயே பணித்துவிட்டார்.

நான் ரயில்வே குமாஸ்தா. செல்வந்தர் செய்யும் உல்லாசப் பிரயாணத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஐந்து வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த தொகையை வைத்துக்கொண்டு, தந்தையார், மனைவி, பத்து வயது மகன் ஆகியோருடன் போய் வந்தவன் என்ற அளவில்தான் எழுதுகிறேன். நாகபுரியிலிருந்து மும்பை வரை பாஸ் உதவிற்று. அதற்கப்பால் சமுத்திரத்தின்மேல் நமது பாஸ் செல்லாது!

மற்றத் தேசங்களையும் ஆராயாமல் இல்லை. நமீபியாவின் கடல் குளிர்ந்த நீரோட்டம் பாயும் கடல். குளிப்பதற்கு மனம் வராது. போட்ஸ்வானாவுக்கும் ஸாம்பியாவுக்கும் கடலே கிடையாது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் வனம் பெரும் புகழ் பெற்றதுதான். ஆனால் கேப் டவுன் கரையிலும் நீர் சில்லென்றிருக்கும், வெதுவெதுப்பான கடல் வேண்டுமானால் டர்பன் பக்கம் வரவேண்டும். உண்மையான போட்டி டான்ஸானியாதான். ஸெரெங்கட்டி வனத்துக்கும் ஸான்ஸிபார் தீவின் மணலுக்கும் நிகர் சொல்வது கடினம். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும்பாலோர் விமானம் ஏறுகிறார்கள். நாலு பேருக்கு இன்னொரு விமானச் சீட்டு என்றதும் என் பென்சில் நின்றுவிட்டது.

கென்யாவிலோ தலைநகர் நைரோபியையும் துறைமுகமான மொம்பாஸாவையும் ஓர் இருப்புப்பாதை இணைக்கிறது. சுமார் 470 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை ஸாவோ வனத்தின் ஊடே போகிறது. கிழக்கு, மேற்கு என்ற இரு பகுதிகளையும் சேர்த்தால், பழைய தஞ்சை ஜில்லாவைப் போல் இரண்டுக்கும் மேல் விஸ்தீரணம் உள்ள வனம் அது. மிருகமும் கடலும் ஒரே ரயில் சீட்டில் அடங்கும் தேசத்தை விட்டு ரயில்வேக்காரன் வேறு எங்கே போவான்?

இன்னொரு காரணம் என் தந்தையார். மீட்டர் கேஜ் பாதையில் முப்பத்தைந்து வருஷம் காங்மேனாகவும் கீமேனாகவும் உழைத்தவர். ஒரு பாலத்தின் வேலையைச் சிங்கங்கள் நிறுத்திவிட்ட கதையை, இளமையில் தமது மேஸ்திரி சொல்லக் கேட்டாராம். அது கதையன்று. 1896-இல் ஆங்கிலேயர் மொம்பாஸாவில் பாதை போடத் தொடங்கி, 1901-இல் விக்டோரியா ஏரியை எட்டினார்கள். அதற்கென நம் நாட்டிலிருந்து கப்பலேற்றப்பட்ட கூலிகள் சுமார் 32,000 பேர், பெரும்பாலோர் பஞ்சாபியர். அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே மாண்டுபோனார்கள். 1898-இல் ஸாவோ நதிப் பாலத்தருகே இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்காகக் கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துச் சென்றன. பாட்டர்ஸன் என்ற எஞ்சினீயர் டிசம்பரில் இரண்டையும் சுட்டு வீழ்த்தினார். இறந்த இந்தியர் 28 பேர் என்பது ரயில்வே கணக்கு. பாட்டர்ஸன் பின்னாளில் 135 என்று எழுதினார். சிங்கங்களின் உடல்கள் இன்று சிகாகோ நகரக் காட்சிசாலையில் இருக்கின்றன. மாண்ட கூலிகள் பலரின் பெயர்கூட எங்கும் இல்லை.

புறப்படுமுன் ஒரு சங்கடம் நேர்ந்தது. கென்யாவிலிருந்து திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால், நமது விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஊசியைப் பிரயாணத்துக்குப் பத்து நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசி அபூர்வமாகக் கடும் கெடுதல் செய்வதுண்டு. தந்தையாருக்கு வயது அறுபத்தெட்டு. டாக்டர் எங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பி, இரத்தம் முதலியவற்றைச் சோதித்த பிறகே சம்மதித்தார். அந்த இரு வாரமும் என் மனைவி என்னுடன் சரியாகப் பேசவில்லை. “சிங்கத்தைக் காட்டப் போய் மாமாவை இழந்துவிடாதீர்கள்” என்றாள். அவள் சொன்னதில் தவறு காண என்னால் இயலவில்லை. முதியோரை அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் சீட்டு வாங்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். மலேரியா மாத்திரையைப் பற்றியும் அவரிடமே கேட்டுக்கொள்க.

காலத்தையும் கவனிக்க வேண்டும். நமது கோடை விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் அங்கே பெருமழை. ஆகையால் நாங்கள் தசரா விடுமுறையில் போனோம். பிளாஸ்டிக் பைகளை 2017-லேயே தடை செய்துவிட்ட தேசம் அது. புளியோதரையை எவர்சில்வர் சம்புடத்தில்தான் கொண்டுபோனோம்.

மும்பையிலிருந்து நேர் விமானத்தில் சுமார் ஆறு மணி நேரம். மறுநாள் காலை நைரோபி ரயில் நிலையத்தில் மூட்டைகளை வரிசையாக வைக்கச் சொல்லி, நாயை விட்டு மோப்பம் பிடிக்கச் செய்தார்கள். புளியோதரைச் சம்புடத்தருகே நாய் சற்று நின்று யோசித்தது! சுவாஹிலி மொழியில் ரயிலைக் ‘காரி லா மோஷி’ என்பதுண்டு. காரி என்பது நம் நாட்டுக் காடிதான். மோஷி என்றால் புகை. நமது ‘புகைவண்டி’யேதான்! ‘ஸபாரி’ என்ற சொல்லுக்கும் அங்கே பிரயாணம் என்பதே பொருள்.

சீனர்கள் அமைத்து 2017-இல் திறந்த புதுப் பாதை அது. யானைகள் அடியில் கடந்துபோக ஆங்காங்கே வழி விட்டிருக்கிறார்கள். தந்தையார் ஜன்னலோரம் அமர்ந்து, ஸ்லீப்பரையும் ஜல்லியையும் பற்றிக் குறை நிறை சொல்லிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பழைய மீட்டர் கேஜ் பாதை பக்கத்தில் வந்து சேர்ந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அது புதருக்குள் மறையும்வரை எழுந்து நின்று பார்த்தார். “அகலம் நம்ம அளவுதான், தம்பி” என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

வோய் நிலையத்தில் இறங்கி, இரண்டு நாள் கிழக்கு ஸாவோவில் தங்கினோம். அங்குள்ள செம்மண்ணைப் பூசிக்கொண்டு யானைகளெல்லாம் செங்கல் நிறமாகத் திரிகின்றன. நாற்பது யானைகள் நீர்நிலைக்கு வந்தபோது வண்டியோட்டி எஞ்சினை நிறுத்தினார்; அத்தனை பெரிய கூட்டத்தின் காலடி ஓசையே கேட்கவில்லை. சிங்கத்தை ஒரு தடவைதான் கண்டோம். அவ்வனத்து ஆண் சிங்கங்கள் பலவற்றுக்குப் பிடரி மயிர் இராது. “இது திருப்பதிக்குப் போய் வந்ததா?” என்றான் மகன். மிருகங்கள் மொய்த்திருப்பதைப் பார்க்க விரும்புவோர் மஸாய் மாராவுக்குத்தான் போகவேண்டும். ஆனால் 2024 முதல் அங்கே ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெளிநாட்டார் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர் கட்டணம். ஸாவோவில் அதில் பாதிகூட இல்லை. பாதையின் குலுக்கலில் தந்தையாரின் இடுப்பு பிடித்துக்கொண்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுபடி ரயிலேறி மொம்பாஸா. தீவிலிருந்து தென்கரைக்குப் போகும் லிக்கோனி படகில், நடந்து ஏறுகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. அப்பால் டியானி கடற்கரை. மாவு போன்ற வெண்மணல். தூரத்தில் பவளப்பாறை அலையைத் தடுப்பதால், கரையோரம் குளம்போல் அமைதியான நீர். சாமான் விற்கும் இளைஞர்கள் விடாமல் தொடர்வது ஒன்றுதான் தொல்லை. காலை ஆகாரமாகத் துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த ‘ம்பாஸி’ கிடைத்தது. என் மனைவி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டு, என்னோடு பழையபடி பேசவும் தொடங்கினாள்.

மும்பையில் இறங்கியதும் சுகாதார அதிகாரி மஞ்சள் அட்டைகளைக் கேட்டார். தந்தையாரின் அட்டையில் வயதைப் பார்த்தவர், அவரை ஒரு தரம் ஏற இறங்க நோக்கி, “என்ன பார்த்தீர்கள், தாதாஜி?” என்று இந்தியில் வினவினார்.

“லைன் பார்த்தேன்” என்றார் தந்தையார்.