மேட்டில் வாங்கும் மூச்சு

றொசல்லத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் இப்போது பித்தப்பைக் கல் ஓப்பரேசன் என்றால் யாரும் அதிகம் பயப்படுவதில்லை. "நாலு ஓட்டைதானே மாமா, சுருக்கா வீட்டுக்கு வந்துரலாம்" என்கிறார்கள். அந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கும். விலா எலும்புக்குக் கீழே நீளமாகக் கிழித்து, வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தவர்களைப் பார்த்த தலைமுறை நாங்கள். 1985இல் ஜெர்மனியில் எரிக் மியூஹே பித்தப்பையைத் துளை வழியே எடுத்தார். 1990இல் மும்பையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். ஏழைத் தொழிலாளி சீக்கிரம் எழுந்து நடக்கக் கிடைத்த பெரிய வரம் இது.

ஆனால் துளை சின்னது என்பதால் உடம்புக்குள் நடப்பதும் சின்னது என்று எண்ணிவிடக் கூடாது.

கமராவுக்கும் கருவிகளுக்கும் இடம் வேண்டுமென்று வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்புகிறார்கள். அது தீப்பிடிக்காது, இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும். வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை ஏற்றுவார்கள். அந்த அழுத்தத்தில், காலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளம், மிதிபட்ட தண்ணீர்க் குழாய் மாதிரி நசுங்குகிறது. பித்தப்பைக்காகத் தலைப்பக்கம் உயர்த்திச் சாய்ப்பதால் இன்னும் கொஞ்சம் இரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது. இதயத்துக்கு வரும் இரத்தம் குறையும் அதே நேரத்தில் நாடிகள் இறுகி, பிரஷர் ஏறுகிறது. வருவது குறைவு, தள்ள வேண்டிய பாரமோ அதிகம். வயிற்றின் உள்சவ்வு திடீரென இழுபடும்போது சிலருக்கு நாடித்துடிப்பு மிகவும் இறங்கிவிடும். மயக்க மருந்து டொக்டர் சொன்னதும் வாயுவை இறக்கினால் பெரும்பாலும் துடிப்பு திரும்பிவிடும்.

நல்ல இதயம் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். நலிந்த இதயத்துக்கும் வழி இருக்கிறது. வாயுவை மெதுவாக ஏற்றலாம், அழுத்தத்தைக் குறைத்து வைக்கலாம், தேவைப்பட்டால் பழைய முறைக்கே போகலாம். எது நலிந்த இதயம் என்பது டொக்டர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அங்கேதான் நம்மவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இதயத்தின் பலத்தை அறிய, "இரண்டு மாடி நிற்காமல் ஏறுவீங்களா?" என்று டொக்டர்கள் கேட்பார்கள். தோட்டத்து லய வீடுகளில் மாடி ஏது? "ஏறுவேன்" என்று நம்மவர்கள் தலையாட்டிவிட்டு வருவார்கள். மலையில் மூச்சு வாங்கினாலும் வெளியே சொல்லாத பழக்கம் அது. சொன்னால் கொழுந்து குறையும், அரைப்பேர் விழுந்து பாதிச் சம்பளம்தான் கிடைக்கும் என்ற பயத்தில் எத்தனையோ வருடமாக மூச்சை அடக்கிப் பழகிய பெண்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதை அடக்கிக்கொள்கிறார்கள். எனக்கு நெஞ்சு வேகிறது.

மாடியைப் பற்றிக் கேட்டால் மேட்டைப் பற்றிச் சொல்லுங்கள். ரோட்டிலிருந்து மேல் லயத்துக்கு ஏறும்போது எங்கே நிற்கிறீர்கள், போன வருடம் அங்கே நின்றீர்களா? ராத்திரி தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூக்கமா, கால் வீங்குகிறதா? சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நெருக்கடியான லய அறைகளில் தொண்டைப் புண் சுலபமாகப் பரவும். அதில் தொடங்கும் அந்தக் காய்ச்சல் இதய வால்வையே கெடுத்துவிடும். கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள். பிரஷர் குளிசையையோ இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த குளிசையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். எதை எப்போது நிறுத்துவதென்று கேளுங்கள். ஓப்பரேசனுக்குப் பிறகு தோள்பட்டை வலிப்பது பெரும்பாலும் வாயுவால் வருவதுதான். நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே நேர்சிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. மனைவியிடம் டொக்டர் கேட்கும் கேள்விக்குப் புருசன் முந்திக்கொண்டு, "ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் இருக்கா" என்கிறான். அன்பில்தான் சொல்கிறான், ஆனாலும் வேண்டாம். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால், சிங்களம் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப்போங்கள். எந்த முடக்கில் தனக்கு மூச்சு வாங்குகிறது என்று அவளே சொல்லட்டும். கூடப்போன பிள்ளை அதில் எதையும் குறைக்காமல் டொக்டரிடம் சொல்லட்டும்.