அயரும் செவி

'ஆடிட்' என்னும் சொல், கேட்டலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. அக்காலத்தில் கணக்கை உரக்க வாசிப்பர்; தணிக்கையாளர் செவிமடுப்பார். இன்று நம் ஊராட்சிகளில் அச்செவி ஏன் அயர்கிறது?

கையூட்டு என்றே உடனே விடை பகர்கிறோம். அது உண்டு, ஆயினும் அதுவே முதற்காரணமன்று என எண்ணுகிறோம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் அமைந்த முறையில், சிற்றூராட்சிக் கணக்கைத் தணிக்கை செய்பவர் துணை வட்டார வளர்ச்சி அலுவலர். ஊராட்சிகளோ 12,000க்கும் மேல். ஒன்றியங்கள் 400க்கும் குறைவு. ஒன்றியத்துக்குச் சராசரி 30க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். முடித்த கணக்குகளின் எண்ணிக்கையை மட்டுமே மேலிடம் கேட்கையில், செலவுச்சீட்டை அளவுப் புத்தகத்தோடு ஒப்பிடாமலே 'சரி' எனக் குறியிட்டுவிடுகிறார். போட்ட சாலையைப் போய்ப் பாராமல் ஊராட்சிச் செயலரின் விளக்கத்தை ஏற்கிறார். இரவில் வீட்டிலமர்ந்து முடித்துவிட்டு, அந்நேரத்தைக் கணக்கில் காட்டாது விடுவோரும் உளர். நற்பண்பெனத் தோன்றும் இதுவே அடுத்த ஆண்டின் கெடுவை மேலும் இறுக்குகிறது.

மேலும், அவர் பிழை காண வேண்டுவது தம் அலுவலகமே மேற்பார்வையிட்ட பணியில். அடுத்த மேசைக்காரரை எதிர்த்து எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும்? துணிந்து எழுதிய தணிக்கைத் தடைகளும் பதிலின்றி ஆண்டுக்கணக்கில் கோப்பில் கிடக்கின்றன. எழுதி என்ன பயன் என்னும் சலிப்பு, பண ஆசையைவிடப் பலரை வீழ்த்துகிறது.

தணிக்கை அறிக்கையைக் கிராமசபை பரிசீலிக்க வேண்டும் என்கிறது சட்டம். அவ்வேளையில் பந்தலில் இருப்போர் சிலரே. அதை வாசிக்கச் சொல்லிக் கேட்போர் அவரினும் சிலர்.